பனி மட்டத்துக்கு மேலே

பார்க்-எக்ஸ்ரென்ஷன், மொன்றியல்
09 செப்ரெம்பர் 2024

அன்புள்ள செலீன் அக்காவுக்கு,

தங்கை சஜிதா எழுதுவது. ஆண்டவர் துணையால் நானும் இவரும் இருக்கிறோம். மடத்தில் நீங்களும் மதரும் மற்றச் சகோதரிகளும் சுகமா? உங்கள் முழங்கால் வலி எப்படி?

ஈஸ்டருக்கு ஒரு வாழ்த்து மடல் போட்டதோடு நின்றுவிட்டேன், கோபிக்க வேண்டாம். ஊருலகமே கைத்தொலைபேசியில் கதைக்கும்போது உங்களுக்கு மட்டும்தான் நான் பேனா பிடிக்கிறேன். உங்கள் மடத்துக்குள் கடிதம் தவிர வேறொன்றும் நுழையாது என்று தெரிந்தும் சோம்பல் பட்டுவிட்டேன்.

உங்களுக்கு ஒரு புதினம் சொல்ல வேண்டும். நான் படிக்கத் தொடங்கியிருக்கிறேன்! ஜான்-டலோன் சந்தையில் மரக்கறி அடுக்கும் வேலையை விட்டாயிற்று. இது கட்டட முகாமைக்கான ஆரம்பப் பயிற்சி. சூடாக்கும் பொயிலர், தண்ணீர்க் குழாய், தீ அபாய மணி, லிஃப்ற், கூரை என்று ஒரு கட்டடத்தில் இருப்பதையெல்லாம் எப்போது பார்க்க வேண்டும், எது பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று படிப்பிக்கிறார்கள். எல்லாம் பிரெஞ்சில்தான். ஆசிரியை மடாம் லவுவா ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நெடுங்காலம் பார்த்தவ. முதல் நாளே சொன்னா: “கட்டடம் நல்லா ஓடினால் உங்களை ஒருத்தரும் நினைக்கமாட்டினம். நினைக்காட்டில் வேலை சரியாச் செய்யிறியள் எண்டு அர்த்தம்.”

இவர் கொன்சியேர்ஜாக இருந்து பராமரிக்கும் இந்தக் கட்டடத்திலேயே பிறகு எனக்கும் வேலை தரலாம் என்று உரிமையாளர் சொல்லியிருக்கிறார். வகுப்பு நாள்களில் மூன்றாம் மாடி ஜெகதீஸ்வரி அன்ரி எங்கள் வீட்டில் வந்து இருக்கிறா. நல்ல மனுசி.

இவர் நித்திரை. எழும்புவதற்குள் முடிக்கிறேன்.

அன்புடன்,
சஜிதா


உள்மடம், மலைநாடு
04 ஒக்ரோபர் 2024

என் தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டில் தங்கட்டும். முழங்கால் முழந்தாளிடும்போது மட்டும் தன்னை நினைவூட்டுகிறது. மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டறையில் எல்லாருக்கும் வாசித்தேன். நற்கருணை அப்பம் சுடும் அறையில் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறோம். “சிஸ்டர், உங்கட தங்கச்சியைக் கூப்பிடுங்கோவன்” என்று சகோதரி அஞ்சலீனா சிரித்தா. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் அறைக்கு வந்து திரும்ப வாசித்தபோது சில விஷயங்கள் விளங்கவில்லை. அனுஜன் பார்க்கிற கட்டடத்தை நீயும் ஏன் பார்க்கப் பழக வேண்டும்? நீ வகுப்புக்குப் போனால் ஜெகதீஸ்வரி அன்ரி ஏன் உன் வீட்டில் வந்திருக்க வேண்டும்? உன் கடிதத்தின் அடியில் அனுஜன் தன் கையால் இரண்டு வரி எழுதாமல் விட்டதில்லை. “அக்கா, மடத்தில மீன் குழம்பு வைக்க மதரைக் கெஞ்சிப் பாருங்கோ” என்று ஏதாவது பகிடி விடுவார். ஈஸ்டர் மடலிலும் அது இல்லை, இதிலும் இல்லை.

உங்களுக்கு ஒரு குழந்தை வேண்டுமென்று கேட்கும் செபத்தை நான் விடவில்லை. விடியற்காலையில் முதல் செபம் அதுதான்.

டிசம்பர் பிறந்தால் திருவருகைக்காலம். வரும் கடிதங்களெல்லாம் நத்தார் வரை மதரின் அலுமாரியில் இருக்கும். அதற்கு முன் எழுது.

செபத்தில் உன்னோடு,
அக்கா


மொன்றியல்
03 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நேற்று இறந்த ஆத்துமாக்கள் தினம். கோயிலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மெழுகுதிரி கொளுத்தினேன்.

படிப்பு கடினம்தான், ஆனால் பிடித்திருக்கிறது. தீ அபாயம் வந்தால் ஆட்களை எப்படி வெளியேற்றுவது என்று போன மாதம் ஒரு ஒத்திகை. என்னை ஒரு மாடிக்குப் பொறுப்பாக விட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பிரெஞ்சில் சத்தம் போட்டேன். எல்லாரும் சொன்னபடி இறங்கினார்கள்! நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள்.

போன கிழமை பொயிலர் பாடம். புகை வெளியேறும் குழாயின் வாய் பனி மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று மடாம் லவுவா படம் வரைந்து காட்டினா. எனக்குத் தலை சுற்றியது. எழுந்து வெளியே போய் நின்றேன். அவ பின்னால் வந்து, “சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். அவ உள்ளே போகவில்லை. பாடத்தை அப்படியே விட்டுவிட்டு என்னோடு கொஞ்ச நேரம் நின்றா.

இவருக்குக் கை அவ்வளவு சரியில்லை, அதனால்தான் எழுதவில்லை.

அக்கா, ஒரு வேண்டுகோள். குழந்தைக்கான செபத்தை இனி நிற்பாட்டுங்கள். அந்த நேரத்தில் இவருக்காகச் செபியுங்கள். காரணம் பிறகு எழுதுகிறேன்.

உங்கள்,
சஜிதா


உள்மடம்
25 நவம்பர் 2024

தங்கச்சி,

சமாதானம். இந்தக் கடிதத்தில் வேறொன்றும் எழுதப்போவதில்லை. அனுஜனுக்கு என்ன?

திருவருகைக்காலத்தில் வந்தாலும் உன் கடிதத்தை மட்டும் என் கையில் தரும்படி மதரிடம் கேட்டேன். தலையசைத்தா. எதுவானாலும் எழுது. நான் தாங்குவேன்.

அக்கா


மொன்றியல்
14 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டும். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவர் உயிரோடு இருக்கிறார்.

போன தவக்காலம். இரவு முழுக்கப் பனி கொட்டியிருந்தது. விடிய, கார் நிற்பாட்டும் இடத்தைத் துப்புரவாக்க வந்த வண்டி பனியையெல்லாம் தள்ளிப் பின்சுவரோடு குவித்துவிட்டுப் போனது. பொயிலரின் புகைக்குழாய் அந்தச் சுவரில்தான், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வாய் அடைபட, புகை உள்ளே திரும்பியது. அதில் வரும் நச்சு வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. வீடுகளுக்குள் சூடு வரவில்லை என்று ஆட்கள் சொல்ல, என்னவென்று பார்க்க இவர் கீழே போனார். “தேத்தண்ணியைப் போட்டு வையும், இப்ப வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கீழே உடுப்புத் தோய்க்கப் போன ஜெகதீஸ்வரி அன்ரிதான் பொயிலர் அறை வாசலில் இவர் விழுந்து கிடந்ததைக் கண்டா. தனியாளாக இழுத்து வெளியே போட்டிருக்கிறா. அந்த வயதில் அவவுக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். மூளையைத் திருப்பித் தர முடியவில்லை. நடக்கிறார், சாப்பிடுகிறார், சில வேளை சிரிக்கிறார். பழைய நினைவில் கொஞ்சம் இருக்கிறது, புதிது ஒன்றும் தங்குவதில்லை. நான் வகுப்புக்குப் போனால் “சஜி எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாராம். அன்ரி பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் திரும்பவும் கேட்பாராம். பேனாவைக் கொடுத்தால் பிடித்துக்கொண்டு இருப்பார். அவ்வளவுதான்.

தவக்காலம் உங்களுக்குக் கடிதம் வராத காலம். ஈஸ்டருக்குப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். ஈஸ்டர் மடலை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தபோது, உலகத்தில் நீங்கள் ஒருவராவது அனுஜனைப் பழைய அனுஜனாகவே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

நாங்கள் இருக்கும் வீடு கொன்சியேர்ஜ் வேலையோடு வருவது. நான் பயிற்சியை முடித்தால் வேலையை என் பெயருக்கு மாற்றித் தருவதாக உரிமையாளர் சொன்னார். அதுதான் படிக்கிறேன். இந்த வீட்டுக்குள் மட்டும்தான் இவருக்கு இன்னும் வழி தெரியும். குளியலறை எது, யன்னல் எது என்று கால் தானாகப் போகும். இதை விட்டால் இவர் எங்கே போவார்?

அன்று வந்த தீயணைப்புக்காரரிடம் குழாயை உயர்த்துவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டார். கோடை வந்தது, போனது. ஒரு தகரத் தடுப்பு வைத்ததோடு சரி. நான் கேட்டபோது, “வசந்தம் வரட்டும் பார்ப்போம்” என்றார். நச்சு வாயுவுக்குக் கத்தும் கருவி ஒன்றை நானே வாங்கிப் படிக்கட்டடியில் பூட்டியிருக்கிறேன். பனி பெய்தால் மண்வெட்டியோடு போய் நிற்கிறேன்.

எல்லாம் எழுதிவிட்டேன். அனுஜனுக்காகச் செபியுங்கள்.

சஜிதா


உள்மடம்
07 ஜனவரி 2025

என் தங்கச்சி,

உன் கடிதம் புது வருடத்துக்கு அடுத்த நாள் கிடைத்தது. அன்று மாலைச் செபத்தில் என்னால் பாட முடியவில்லை. பக்கத்தில் நின்ற அஞ்சலீனா என் பங்கையும் சேர்த்துப் பாடினா.

நீ மறைத்ததற்கு நான் கோபிக்கவில்லை. இத்தனை மாதமும் தனியே சுமந்தாயே என்றுதான் நெஞ்சு எரிகிறது. நான் எழுந்து வர முடியாத இடத்தில் இருக்கிறேன். அக்கா சொல்வதையாவது கேள்.

குழாயைப் பற்றி இனி உரிமையாளரோடு வாதாடாதே. பனியை நீயே அள்ளு, முடியாவிட்டால் ஆள் பிடித்து அள்ளு. படிப்பை முடி. வேலை உன் பெயருக்கு வரும் வரை வாயைத் திறக்காதே. அந்த வீடு போனால் அனுஜனை எங்கே கொண்டுபோவாய்? மற்றக் குடும்பங்களுக்காக நான் செபிக்கிறேன். நீ உன் வீட்டைப் பார்.

உடம்பைக் கவனி.

அக்கா


லொங்குய்ய்
22 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதில் இன்னும் கிடைக்கவில்லை. சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேலே உள்ள விலாசத்தைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். சொல்கிறேன்.

போன கிழமை எனக்குச் செய்முறைச் சோதனை. அன்று பார்த்துப் பனிப்புயல். சோதனையை முடித்துக்கொண்டு மெற்றோவில் இருந்து ஓடி வந்தேன். கதவைத் திறக்க முதலே கருவி கத்துவது கேட்டது. ஜெகதீஸ்வரி அன்ரி தலையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இருந்தா. பக்கத்தில் இவர்.

“பிள்ளை, தலை வெடிக்குது. இவர் வெளிய வரமாட்டன் எண்டு நிக்கிறார், தனிய விட்டிட்டுப் போக மனம் வரேல்லை,” என்றா.

இருவரையும் வெளியே கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒவ்வொரு கதவாகத் தட்டி, ஒத்திகையில் கத்தியதுபோல் கத்தினேன். தமிழிலா பிரெஞ்சிலா என்று நினைவில்லை. குழந்தைகளைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு எல்லாரும் இறங்கினார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் குழாயும் இல்லை, தகரமும் இல்லை. பனிக்குவியல்தான். அள்ளித் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் கருவி அடங்கியது. வெளிக்காற்றுப் பட அன்ரிக்கும் தலை தெளிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை.

உரிமையாளருக்குப் போன் எடுத்தேன். “ஒருவருக்கும் ஒன்றுமில்லைத்தானே? அப்படியே விடுங்கள். தீயணைப்புக்குச் சொன்னால் பொயிலரை நிற்பாட்டிவிடுவார்கள். இந்தக் குளிரில் எல்லாரும் தெருவில் நிற்க வேண்டிவரும். நீங்களும்தான்” என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. இவரைப் பார்த்தேன். யாரோ கொடுத்த தொப்பியைத் தலையில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தீயணைப்புக்குப் போன் எடுத்தேன்.

வந்து அளந்து பார்த்தார்கள். குழாயை உயர்த்தும் வரை பொயிலர் ஓடக்கூடாது, அதுவரை ஒருவரும் அங்கே தங்கக்கூடாது என்றார்கள். சனம் பெட்டி கட்டியது. இரண்டாம் மாடிப் பிரசாந் கைக்குழந்தையோடு வந்து என் முன்னால் நின்றார். “அக்கா, உங்கட மனுசனுக்கு நடந்ததுக்கு எங்களை ஏன் குளிருக்குள்ள விடுறியள்?” என்று கேட்டார்.

மறுநாள் உரிமையாளர், வேறு ஆள் பார்த்துவிட்டேன், வீடு அவருக்கு வேண்டும் என்றார். ஜெகதீஸ்வரி அன்ரியின் மகன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிறார். அவர் வீட்டு நிலவறையில்தான் இப்போது நாங்கள் மூவரும். முதல் நாள் இவருக்குக் குளியலறை தெரியவில்லை. நடுவில் நின்று சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார். போய்க் கையைப் பிடித்தேன். என்னையும் தெரியாதவர்போல் பார்த்தார்.

நான் செய்தது சரியா அக்கா? எழுதுங்கள்.

சஜிதா


லொங்குய்ய்
08 பெப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகத்தை அறிய ஆவல்.

உங்கள் ஜனவரிக் கடிதம் பழைய விலாசத்துக்குப் போய் இன்றுதான் கைக்கு வந்தது. நீங்கள் சொன்னபடி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் வீடு இருந்திருக்கும். உண்மைதான். அடுத்த பனிக்கு ஜெகதீஸ்வரி அன்ரி இருந்திருப்பாவோ, பிரசாந்தின் குழந்தை இருந்திருக்குமோ, தெரியாது.

மற்றக் குடும்பங்களுக்காகச் செபிப்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குச் செபம் போதாது அக்கா. குழாயை உயர்த்த வேண்டியிருந்தது.

முழங்காலுக்கு எண்ணெய் பூசுகிறீர்களா?

சஜிதா


உள்மடம்
02 மார்ச் 2025

தங்கச்சி,

உன் இரண்டு கடிதமும் அடுத்தடுத்துக் கிடைத்தன. சரியா என்று நீ கேட்ட கடிதம் முதலில் வந்தது. என்னுடையது உனக்குப் போய்ச் சேர முதல் அதைப் பிடித்து நிறுத்த வழியில்லையே என்று தவித்தேன். பிறகு உன் மற்றக் கடிதம் வந்தது. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எனக்கு வேண்டியதுதான்.

நான் அப்படி எழுதியது பயத்தினால். உலகத்தை விட்டு வந்தவள் என்றுதான் இவ்வளவு காலமும் என்னை நினைத்திருந்தேன். என் தங்கச்சியின் வீடு போய்விடும் என்றதும் மற்ற வீடுகள் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ அந்தக் குளிரில் தெருவில் நின்றபடி எல்லாவற்றையும் கண்டாய்.

நீ செய்தது சரி. அதற்கு நீ கொடுத்த விலை எனக்குத் தெரியும் என்று சொல்லமாட்டேன். தெரியாது. அனுஜன் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார் என்று எழுதியிருந்தாய், அது எனக்கு முன்னாலேயே நிற்கிறது. என்னை மன்னித்துக்கொள்.

புதன்கிழமை விபூதித் திருநாள், தவக்காலம் தொடங்குகிறது. ஈஸ்டர் வரை நம்மிடையே கடிதம் இல்லை. உன்னோடு ஒருமுறையாவது போனில் கதைக்க விடும்படி மதரிடம் கேட்டிருக்கிறேன். மதர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அக்கா


லொங்குய்ய்
27 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் சமாதானம் உங்கள் எல்லாருக்கும். நாங்கள் சுகம்.

மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். தவக்காலம் வந்ததும் நல்லதாகப் போயிற்று. உடனே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். நீங்கள் பயந்தது எனக்காக. அதே பயம்தான் எனக்கும் இருந்தது. அதை விடுவோம்.

பயிற்சி முடிந்தது, சோதனையில் சித்தி அடைந்துவிட்டேன். மடாம் லவுவாவிடம் விடைபெறப் போனபோது கட்டடத்தில் நடந்ததைச் சொன்னேன். அவ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “இதைத்தான் நான் படிப்பிச்சனான். ஆனா இவ்வளவு பாரமா இருக்குமெண்டு ஒரு வகுப்பிலயும் சொல்லேல்லை,” என்றா. இங்கே லொங்குய்யில் ஒரு முதியோர் இல்லத்தில் கட்டடப் பொறுப்பாளருக்கு உதவியாளாக வேலை கிடைத்திருக்கிறது. பக்கத்திலேயே சிறிய வீடு ஒன்றும் எடுத்துவிட்டோம்.

பழைய கட்டடத்தில் குழாயை உயர்த்திப் பொயிலரை ஓட விட்டுவிட்டார்களாம். சனம் திரும்பிப் போய்விட்டது, ஜெகதீஸ்வரி அன்ரியும். போன ஞாயிறு பிரசாந் ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். தேத்தண்ணி குடித்தார். புதுக்குழாய் தன் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது என்று கையால் காட்டினார். போகும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

இவர் மாறவில்லை, இனி மாறப்போவதும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். பகலில் பார்த்துக்கொள்ள றோசலின் என்று ஒரு பிள்ளை வருகிறா. காலையில் சப்பாத்துப் போடும்போது, “வேலைக்குப் போறன், பின்னேரம் வருவன்” என்று இவருக்குச் சொல்லிவிட்டுத்தான் போவேன். தலையாட்டுவார். நான் படியிறங்க முதல் அது போய்விடும் என்று தெரியும். என்றாலும் சொல்லாமல் போக மனம் வருவதில்லை.

மதர் சம்மதித்தால் எடுக்க, போன் இலக்கத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
சஜிதா


உள்மடம்
15 ஜூன் 2025

என் தங்கச்சிக்கு,

நீயும் அனுஜனும் சுகமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக. உன் வேலைப் புதினம் கேட்டு மடமே மகிழ்ந்தது.

நேற்று முன்தினம் மாலைச் செபத்துக்கு முன் மதர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, போனைக் காட்டிவிட்டு வெளியே போய்விட்டா. உங்களுக்கு அப்போது காலை. நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று தெரியும். ஆனாலும் இந்த அனுமதி இன்னொரு நாள் கிடைக்குமோ தெரியாதே. எடுத்தேன்.

“ஆர்?” என்று கேட்டது. அனுஜன்தான். குரல் அதே குரல், தங்கச்சி.

“செலீன் அக்கா. மடத்தில இருந்து.”

“ஓம்,” என்றார். தெரிந்து சொன்னாரா, மரியாதைக்குச் சொன்னாரா, எனக்கு விளங்கவில்லை. என்ன கதைப்பது என்றும் தெரியவில்லை. அவரிடம் கேட்கக்கூடாத கேள்வி என் வாயில் வந்துவிட்டது.

“சஜி எங்க?” என்று கேட்டுவிட்டேன்.

ஐயோ, அவரைக் கலக்கிவிட்டேனே என்று பதறினேன். “இல்லை, பறவாயில்லை, நான் பிறகு எடுக்கிறன்” என்றேன். என் குரல் நடுங்கியது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“வேலைக்குப் போயிட்டா. பின்னேரம் வருவா,” என்றார். பிறகு, “நீங்கள் பயப்பிடாதேங்கோ,” என்றார்.

றோசலின் பிள்ளை வந்து போனை வாங்கினா. நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்று நான் கோயிலுக்குப் பிந்தித்தான் போனேன்.

நான் எடுத்ததை அவர் அப்போதே மறந்திருப்பார். மாலையில் நீ கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டார். அதனால்தான் நடந்ததை நடந்தபடி நான் எழுதுகிறேன்.

உன் அக்கா,
செலீன்